மிளகு யார் வைத்த பேர்?

மலைமேல் கொட்டச்சேட்டில் காப்பி எஸ்டேட் வேலைக்குப் போகும் மலருக்கு ஒரே ஒரு மனுஷியைக் கண்டால்தான் வயிற்றெரிச்சல். பஸ் நிற்கும் இடத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஷபானா. அந்த அம்மாள் செய்த குற்றம் என்ன தெரியுமா? மலர் வேலைக்குப் போன பகலெல்லாம் அவள் பெண் குழந்தையை ஆசையாய்ப் பார்த்துக்கொண்டதுதான்!

குழந்தைக்கு சேர்வராயன் கோயில் திருவிழாவில்தான் பேர் வைப்பதாக மலர் வேண்டிக்கொண்டிருந்தாள். 'சிவசக்தி' என்று மனசுக்குள் முடிவும் செய்துவிட்டாள். முதல் வருஷம் பங்காளி வீட்டில் சாவு, தீட்டு, போக முடியவில்லை. பேரில்லாத பிள்ளையை ஷபானா சும்மா விடுவாளா? அதுவோ கறுப்பாய், குட்டியாய் இருந்துகொண்டு, பசி வந்தால் கடையே அதிரக் கத்தும். "அளவு சின்னது, காரம் நொம்பப் பெருசு. மிளகேதான்!" என்றாள். அவ்வளவுதான், பஸ் கண்டக்டர் முதல் கணக்கெழுதும் எஸ்டேட் ரைட்டர் வரை எல்லோருக்கும் அது மிளகு ஆகிவிட்டது.

சாயங்காலம் மலர் ஓட்டமாய் வந்து, "சிவசக்தி, அம்மாகிட்ட வா சாமி" என்று கை நீட்டுவாள். அம்மா வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருக்கும். ஷபானா "மிளகு" என்றால் போதும், தலை பட்டென்று திரும்பும். உச்சந்தலையில் அவள் பூசிய பவுடர் வாசம் வேறு. பெற்றது நான், பேர் அவளுடையதா? பல நாள் மலருக்குச் சோறே இறங்கவில்லை.

இரண்டாம் வருஷத் திருவிழா வந்தது. சேர்வராயன் குகைக் கோயில் வாசலில் பூசாரி, "பேரு என்னங்க?" என்றார். புருஷன் நல்லமுத்து வாய் திறப்பதற்குள் மலர் முந்திக்கொண்டாள்.

"மிளகுங்க."

நல்லமுத்து திகைத்துப்போனான். "ஏம்புள்ள, சிவசக்தின்னுதானே சொன்ன?"

"நானே வெச்சுட்டா அது நான் வெச்ச பேரு. இனி பள்ளிக்கூடத்துலயும் அதான், ரேஷன் கார்டுலயும் அதான். அந்தக்கா தனியாச் சொந்தம் கொண்டாட என்ன இருக்குது?"

மறுநாள் காலை பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஜெயித்துவிட்ட நடையில் கடைக்குப் போனாள். "ஏனுங்கக்கா, சாமி முன்னால பேரு வெச்சாச்சுங்க. மிளகு. நாந்தான் வெச்சேன்."

ஷபானாவுக்குக் கண் கலங்கிவிட்டது; சிரிப்பும் வந்தது. "நெசமாவா மலரு? அப்ப அது பெரிய மனுஷி பேரா ஆயிருச்சு. கடைக்குள்ள கூப்பிட எனக்கு வேற ஒண்ணு வேணுமே." பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளி, "வாடி என் ஏலக்கா!" என்றாள்.

மிளகு அம்மாவின் இடுப்பிலிருந்து இரண்டு கையையும் நீட்டி அவளிடம் தாவியது.