பெடல் மிதிக்கும் ஜான் பீ

அதியமான்கோட்டை பைபாஸ் ஓரம் முனாப் பாய் பட்டறைக்குப் போனால், வண்டிக்கு அடியில் அவர் கால் தெரியும், வண்டிக்குள் அவர் மனைவி ஜான் பீ தெரிவாள். அவளுக்குக் கார் ஓட்ட வராது. ஸ்டியரிங்கைத் தொடச் சொன்னாலே கதவைத் திறந்து இறங்கிவிடுவாள். ஆனாலும் அந்தப் பட்டறையில் பிரேக் வேலை பார்த்த ஒரு வண்டிகூட அவள் கால் படாமல் வெளியே போனதில்லை. பிரேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்க ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்துப் பக்கம் காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். வேலைக்கு வந்தவன் எல்லாம் ஓசூர் கம்பெனிக்கு ஓடிவிட்டான். சோறு வடித்துக்கொண்டிருந்தவளை முனாப் கூப்பிட்டு உட்கார வைத்தார். உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான்.

அவளைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. தொப்பூர்ப் பக்கம் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போனால் போதும், வாசலுக்கு ஓடி வந்துவிடுவாள். நம்ம கை பட்ட வண்டியா, யார் வண்டி என்று தெரியும்வரை உள்ளே போக மாட்டாள். அந்தத் தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் பிரேக் போன லாரிகளின் கதையைக் கேட்டுக் கேட்டே பாதி உயிர் போயிருந்தது அவளுக்கு.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் கடத்தூர் மாதவராஜ் தன் அப்பா காலத்து அம்பாசிடரைக் கொண்டுவந்து நிறுத்தினார். போன முறை கணவாய் இறங்கும்போது பின்சக்கர டிரம் சூடேறிப் புகைந்துவிட்டதாம்.

"பாய், பின்னாடியும் டிஸ்க் பிரேக் போட்டுக் குடுங்க. எம்பொண்ணு கலைமணி மாசமா இருக்கறா. சேலத்துக்கு ஸ்கேனுக்கு இட்டுக்கிட்டுப் போவணும்."

பழைய வண்டிக்கு அப்படி மாற்றிய பழக்கம் முனாப்புக்குக் கிடையாது. அதை வாய் விட்டுச் சொல்லிவிடுவாரா மனுஷன்! தருமபுரி காயலான் கடையில், அடிபட்டு வந்த ஏதோ ஒரு காரிலிருந்து டிஸ்க்குகளையும், அவற்றைக் கவ்விப் பிடிக்கிற கேலிப்பர் இரண்டையும் கழற்றி வாங்கினார். லேத்தில் பிராக்கெட் கடைந்து, வெல்டு வைத்து, டிஸ்க்கை உரசி நிறுத்துகிற பேடுகளை மட்டும் புதிதாகப் போட்டு, ஒருவழியாக மாட்டியும் விட்டார். அன்றைக்கே ஸ்கேன். கலைமணி பஸ்ஸில் வந்து இறங்கி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் காத்திருந்தாள்.

ஜான் பீ பெடலை மிதித்தாள். முனாப் காற்றை எடுத்தார். எடுக்க எடுக்கப் பெடல் கல்லு மாதிரி நிற்க வேண்டும். நிற்கவில்லை.

"ஏங்க, கால் உள்ள போவுதுங்க."

"புது பேடு. ஓட ஓட செட்டாவும்."

"இல்லீங்க, மெத்துனு..."

"மெக்கானிக்கு நானா நீயா? மிதிக்கறதோட நில்லு!"

மாதவராஜ் சிரித்தார். ஜான் பீக்கு முகம் சுண்டிப்போனது. வண்டியை விட்டு இறங்கிவிட்டாள். சர்வீஸ் ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். சமதளம்தானே, வண்டி நின்றது. அப்பாவும் மகளும் கிளம்பிப் போனார்கள்.

அடுப்படிக்குப் போனவளுக்குக் கை ஓடவில்லை. யா அல்லா, வாயும் வயிறுமாக இருக்கிற பெண்ணாயிற்றே! ஓடிவந்து புருஷனிடம், "போன் போட்டுத் திரும்பி வரச் சொல்லுங்க" என்றாள்.

"பேரு கெட்டுப் போவும். சும்மா இரு."

சும்மா இருக்க முடியவில்லை. அவளே போனை எடுத்து மாதவராஜுக்கு அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. அந்த நேரம் பார்த்து ஓர் ஆம்புலன்ஸ் தொப்பூர்ப் பக்கம் பறந்தது. ஜான் பீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுபடி அடித்தாள். கலைமணி எடுத்தாள். குரலே சரியில்லை.

"பாயம்மா, எறக்கத்துல இருக்கறோம். பிரேக்கு அடி வரைக்கும் போவுதுன்னு அப்பா சொல்றாருங்க!"

"பயப்படாத கண்ணு." சொன்னவளுக்குப் பல் தந்தியடித்தது. "ஒரே மிதியா அழுத்தி வெக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு. மிதிச்சு விட்டு, மிதிச்சு விட்டு அடிக்கச் சொல்லு. சின்ன கியருக்கு மாத்தச் சொல்லு. எடப்பக்கம் ஓரங்கட்டு..."

லாரி ஹாரன் ஒன்று காதைக் கிழித்தது. "அப்பா!" என்று கலைமணி கத்தினாள். லைன் அறுந்தது.

முனாப்பின் முகத்தில் ஈயாடவில்லை. கைக்குக் கிடைத்த ஸ்பானரையும் ஜாக்கியையும் பிரேக் ஆயிலையும் பையில் அள்ளிப் போட்டுப் பைக்கை உதைத்தார். பின்னால் ஏறிய ஜான் பீ வழியெல்லாம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் எதைப் பார்க்க வேண்டியிருக்குமோ!

கார் இறக்கத்தின் இடது ஓரத்தில் மண்மேட்டில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. அவள் சொன்னபடி மிதித்து மிதித்து விட்டு ஓரங்கட்டிய மாதவராஜ் சக்கரத்துக்கடியில் கல் வைத்திருந்தார். கலைமணி சாலையை விட்டுத் தள்ளி ஒரு மரத்தடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஒரு கீறல் இல்லை. ஜான் பீ அவளைக் கட்டிக்கொண்டு அவளைவிடச் சத்தமாக அழுதாள்.

முனாப் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினார். நிப்பிளை விரலால் தடவிப் பார்த்தார்.

"எடது கேலிப்பரை வலதுலயும், வலதை எடதுலயும் மாட்டிட்டேன்" என்றார். "நிப்பிளு கீழ போயிருச்சு. காத்து மேலதான நிக்கும், எப்படி வெளிய வரும்? தப்பு எம்மேலதாங்க."

அங்கேயே கழற்றி மாற்றி மாட்டினார். ஜான் பீ ஏறி மிதித்தாள். காற்று புசுபுசுவென்று வந்தது, பிறகு வெறும் ஆயில் வந்தது, பெடல் கால் அசைக்க விடாமல் நின்றது. இறங்கி வந்தாள். மீதி இறக்கம் வளைந்து வளைந்து கீழே கிடந்தது. கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு இறங்கின.

மாதவராஜ் முனாப்பைப் பார்க்கவே இல்லை. "நீங்க சொல்லுங்கம்மா. போலாமா?" என்று அவளிடம் கேட்டார்.

சரியாகிவிட்டது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் 'போலாம்' என்ற சொல் வாயை விட்டு வரவில்லை. அவள் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, கலைமணியையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள்.

"நீ எதுக்குடி?" என்றார் முனாப்.

"சரின்னு சொல்லி அனுப்பிட்டு, திரும்பவும் போனைக் கையில புடிச்சிக்கிட்டு நிக்க என்னால ஆவாதுங்க." கதவைச் சாத்தினாள். "இப்பப் போங்கண்ணா."