தாய்மாமன் ஓடுற லேப்டாப்

மகள் கல்யாணத்துக்கு மண்டபத்துல எல்இடி ஸ்கிரீன் போடுற தம்பியைப் பார்க்க இன்னைக்கு கீரனூர் போயிருந்தேன்.

கையில ஒரே ஒரு வீடியோ. மகளோட காதுகுத்து. எங்கண்ணன் மடியில உட்கார்ந்து கத்திக்கிட்டிருப்பா. அண்ணன் இப்ப இல்ல.

தம்பி பென்டிரைவைச் சொருகிப் பார்த்தாரு. "அக்கா, இது ரொம்பப் பழைய கோடெக், வீடியோவை அமுக்கிப் பதியுற அந்தக் காலத்து முறை. நம்ம ஸ்கிரீன்ல ஓடாது. புதுசுக்கு மாத்தித் தாரேன்"னாரு.

மாத்துனாரு. ஓடுச்சு.

ஆனா காது குத்துறப்ப பிள்ளையோட சேர்ந்து அண்ணனும் அழுவாரு. அந்தக் கண்ணீரைக் காணோம். முகம் மெழுகு பூசுன மாதிரி இருந்துச்சு.

"என்னங்க தம்பி, எங்கண்ணன் அழவே இல்லையே?"

"அன்னைக்கே ஒரு சிடிக்குள்ள அடக்கணும்னு அமுக்கித்தான் வச்சிருக்காங்க அக்கா. மறுபடி மாத்துனா இருக்குறதுலயும் கொஞ்சம் போயிரும். அதுக்குப் பயந்துதான் நெறைய பேரு பழசை அப்படியே வச்சிருக்காங்க."

"வீட்டுல இருக்குற பழைய லேப்டாப்புல மட்டும் நல்லா ஓடுதுங்க."

"அப்ப அதையே கொண்டாங்க. கேபிள் போட்டு ஸ்கிரீன்ல மாட்டிருவோம்."

திரும்பி வர்ற பஸ்ல, அண்ணனுக்குப் பதிலா நான் அழுதேன்.

ஆக, மாலை எடுத்துக் குடுக்க வேண்டிய தாய்மாமன் சார்ஜரோட மண்டபத்துக்கு வர்றாரு. கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடைக்கு முன்னால ஒரு நாற்காலியில பழைய லேப்டாப் இருந்தா, எடுத்துக் கீழ வச்சுட்டு உட்கார்ந்திராதீங்க.

ஆளு உட்கார்ந்திருக்காரு.