வடிகட்டிய சுவர்

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் என்னை அதிகம் வியக்க வைத்தது பிரிட்ஜின் கதவுதான். நியூசிலாந்தில் யார் வீட்டுக்குப் போனாலும் அந்தக் கதவில் விரல் வைக்க இடமிருக்காது. பல் டாக்டர் சீட்டு, குழந்தை கிறுக்கிய நாய், இறந்துபோன மாமனாரின் படம், எல்லாமே சின்னச் சின்னக் காந்தங்களுக்கு அடியில் தொங்கும். திண்டுக்கல் பக்கம் எரியோட்டில் எங்கள் தெருவில் முதன்முதலாகப் பிரிட்ஜ் வாங்கியவர்கள் அதை முன்னறையில் நிறுத்தி, தலையில் பூத்துணி விரித்து, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தார்கள். கதவில் கை பட்டாலே அதட்டல் விழும்.

நான் வேலை பார்த்த குழந்தைகள் காப்பகத்தில் ஒரு சுவரையே அப்படி ஆக்கிவிடலாம் என்று மேலாளர் ஷெரில் ஒருநாள் டப்பாவோடு வந்தார். என் அம்மா வயது அவருக்கு. பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு மாதம் பிடித்தது. டப்பாவில் இருந்தது காந்தப் பெயிண்ட். விளையாட்டு அறைச் சுவரில் அதை அடித்து, மேலே வெள்ளைப் பெயிண்ட் பூசிவிட்டால் காந்தம் ஒட்டும். ஆணியும் பசையும் வேண்டாம். எனக்கு அப்போது மூன்று மாதத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்குவார்களா என்பது அந்த மாதக் கடைசியில்தான் தெரியும்.

“நானே அடிக்கிறேன். எங்கள் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான்தான் வெள்ளையடிப்பேன்” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை டப்பாவைத் திறந்தால் மேலே சாம்பல் நிறத்தில் நீர்த்த பெயிண்ட். அடியில் கறுப்பாக, கனமாக, ஆற்று மணல்போல வண்டல். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் சுண்ணாம்பை ஊறவைத்தால் அடியில் கல்லும் மண்ணும் தங்கும். அதைத் துணியில் வடிகட்டாமல் அடித்தால் அம்மா விடமாட்டாள். “ஏத்தா, செவுத்துல மண்ணையா அப்புற? நல்லா வடிகட்டு. நாளைக்குப் பங்குச் சாமியார் வீடு மந்திரிக்க வாராக” என்பாள். ஆகவே பழைய பருத்திச் சேலைத் துண்டை இரண்டாக மடித்து வாளியின் வாயில் கட்டி, ஒரு மணி நேரம் பொறுமையாக வடிகட்டினேன். வண்டலைத் துணியோடு பின்பக்கக் குப்பைத் தொட்டி அருகே போட்டேன். அன்றைக்கே மூன்று பூச்சு. மறுநாள் மேலே வெள்ளை. சுவர் கண்ணாடிபோல வழுவழுவென்று இருந்தது.

மாலையில் ஷெரில் பார்க்க வந்தார். “அழுக்கையெல்லாம் எடுத்துவிட்டேன்” என்றேன். நான் தரையைத் துடைத்ததைச் சொல்வதாக நினைத்த ஷெரில், “நீ தங்கம்” என்று தோளில் தட்டினார்.

திங்கட்கிழமை குழந்தைகள் ஆளுக்கொரு காந்தப் பொம்மையோடு ஓடினார்கள். மீன் விழுந்தது. ஒட்டகச்சிவிங்கி விழுந்தது. நான்கு வயது டோபி சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “சுவர் தூங்குது” என்றான். ஷெரில் உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். “கெட்டுப்போன டப்பா. கடையில் போய் நான் பேசிக்கொள்கிறேன்” என்று கார் சாவியைத் தேடினார்.

எனக்கு என்னவோ உறுத்தியது. ஒட்டகச்சிவிங்கியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். சேலைத் துண்டு காய்ந்து விறைத்துக் கிடந்தது. குனிந்து அருகே நீட்டியதும் ஒட்டகச்சிவிங்கி என் கையிலிருந்து பாய்ந்து அதில் ஒட்டிக்கொண்டது. இரும்பு முழுவதையும் நானே வடிகட்டி எறிந்திருக்கிறேன்! பக்கத்தில் கிடந்த டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் தங்குவது இரும்புத் தூள் என்றும், நன்றாகக் கலக்கிய பிறகே அடிக்க வேண்டும் என்றும் தெளிவாகப் போட்டிருந்தது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். ஐந்தாம் வகுப்பிலிருந்தே தெருவில் யார் பூச்சிமருந்து வாங்கினாலும் டப்பா என்னிடம்தான் வரும். பக்கத்து வீட்டுச் சேசு மாமா எதிரே குந்திக்கொண்டு, “பொடி எழுத்தையும் விடாம வாசி புள்ள” என்பார். வாசித்து முடித்ததும், “ம்க்கும், இது நமக்குத் தெரியாததா” என்று எழுவார்.

“அப்ப எதுக்கு மாமா டப்பா மேல அம்புட்டு எழுதிருக்கான்?”

“வாயப் பாரு! கலெக்டரம்மா தோத்துரும்.”

அந்தக் கலெக்டரம்மாதான் இப்போது படிக்காத டப்பாவோடு நின்றுகொண்டிருந்தாள். பேசாமல் இருந்தால் கடைக்காரர் திட்டு வாங்குவார், புது டப்பா வரும், என் வேலைக்கு ஒன்றும் ஆகாது. ஷெரில் கார் கதவைத் திறந்துவிட்டார். துணியையும் அதில் தொங்கிய ஒட்டகச்சிவிங்கியையும் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நடந்ததைக் கேட்டதும் ஷெரில், “வடிகட்டினாயா?” என்றார். இரண்டாவது முறை கேட்டுவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “இதற்கு வேலை போய்விடுமா?” என்று கேட்டேன்.

சிரிப்பை நிறுத்தினார். “பத்து நிமிடம் போயிருந்தால் ஒரு நல்ல மனிதரிடம் கத்தியிருப்பேன். ஓடி வந்து சொன்னாய். இப்படிப்பட்ட ஆளை எப்படி அனுப்புவது?” சாவியைப் பைக்குள் போட்டார். “சனிக்கிழமை நானும் வருகிறேன். புது டப்பாவை நீ வாசி, நான் கலக்குகிறேன்.”

சனிக்கிழமை இருவரும் மறுபடி அடித்து முடித்தபின், போனில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“காலேசு முடிச்சுப்புட்டு அங்கன போயி வெள்ளையா அடிக்கிற?”

“எங்க மேலாளரும் கூட நின்னு அடிச்சாங்கம்மா.”

“அந்தம்மாவுமா? அடியாத்தி!”

“நீ வடிகட்டச் சொல்லிப் பழக்குனதுதான் எல்லாம்.”

“எம்மேல போடாத. நான் சொன்னது சுண்ணாம்புக்கு.”

இந்தமுறை காந்தங்கள் எல்லாம் நின்றன. மாதக் கடைசியில் என் வேலையும் நிலைத்தது. முதல் படம் உன்னுடையதாக இருக்கட்டும் என்றார் ஷெரில். தடித்த அட்டையில் திண்டுக்கல் மலைக்கோட்டையை வரைந்து வெட்டி, பின்னால் காந்தம் வைத்து மாட்டினேன். டோபி பார்த்துவிட்டு “தலையணை” என்றான். மலை என்றேன், நான் கல்லூரி போன ஊர் அதன் அடியில் இருக்கிறது என்றேன். எந்தப் பக்கம் என்று கேட்டான். சுவரில் காட்ட எனக்குத் தெரியவில்லை.

சுவரின் கீழ்ப்பாதியில் குழந்தைகள் கடல் அமைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் நான் அறையைத் திறக்கும்போது மலைக்கோட்டை வேறோர் இடத்தில் இருக்கும். ஒருநாள் திமிங்கிலங்களுக்கு நடுவே, ஒருநாள் தீயணைப்பு வண்டிக்குப் பின்னால். நான் அதை நகர்த்துவதில்லை. கெட்டியாக நிற்கிறதா என்று ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, ஜன்னலைத் திறக்கப் போகிறேன்.