இருபத்தைந்தாவது குழி

என் மேசையின் வலது மூலையில் ஒரு மரக்கட்டை இருக்கிறது. செங்கல் அளவுதான், ஆனால் கையில் எடுத்தால் நல்ல கனம். ஒரு காலத்தில் தோல் வெட்டும்போது அடியில் வைத்த பலகையின் துண்டு அது. கத்தி விழுந்த தழும்புகள் இன்னும் பக்கவாட்டில் தெரியும். மேலே வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசைக் குழிகள். ஆம்பூரில் எங்கள் தொழிற்சாலையின் சாம்பிள் ரூம் என் பொறுப்பில் இருக்கிறது. வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் காட்டுவதற்கான முதல் பையையும் முதல் செருப்பையும் தைத்துப் பார்க்கிற அறை அது. அங்கே வருகிறவர்கள் எல்லோரும் இந்தக் கட்டையைப் பேனா செருகும் ஸ்டாண்டு என்று நினைத்துக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். என் மாமனார் தன் ரிவால்வர் தோட்டாக்களை நிறுத்திவைத்திருந்த கட்டை என்று சொன்னதும் மெதுவாகக் கீழே வைத்துவிடுவார்கள். எனக்கு அதில் ஒரு சின்ன சந்தோஷம்.

மாமா விரிஞ்சிபுரம் பக்கத்துக்காரர். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்துக்குப் போய்வந்தவர்கள் இருப்பார்கள், அதனால் அதில் ஒன்றும் அதிசயமில்லை. அப்புறம் ஒரு தோல் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்தார். அந்த வேலைக்காக எடுத்ததுதான் ரிவால்வர் உரிமம். அவர் அதை வைத்திருந்த காலம் முழுவதும் ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. சுடாத ஒரு பொருளுக்காக ஒரு மனிதர் இவ்வளவு பாடுபட்டு நான் பார்த்ததில்லை. ரிவால்வர் ஒரு பீரோவில், தோட்டாக்கள் வேறு அறையில் அத்தையின் பீரோ லாக்கரில். இரண்டு சாவிகளும் ஒரே கயிற்றில் கோத்து அவர் கழுத்தில். குளிக்கும்போதும் கழற்றமாட்டார். "கல்யாணத்துக்குப் போக லாக்கர்லருந்து ஒரு நக எடுக்கணும்னாக்கூட இவரு டூட்டியில இருக்கணும்" என்று அத்தை அலுத்துக்கொள்வார்.

நான் கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு விருந்தின்போது என் கணவரின் பெரியப்பா மகன் ரிவால்வரைக் கையில் பிடித்து ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினான். மாமா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்தவர் உரிமப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்து, "இத வெச்சிக்கினு எடுத்துக்கோ. துப்பாக்கி இன்னாடா துப்பாக்கி, அசலே இதுதான்" என்றார். அந்தப் போட்டோ இன்னும் எங்கள் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. ஒருவன் பாஸ்புக் மாதிரி ஒன்றை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பரிதாபமாகச் சிரிக்கிறான்.

தேர்தல் வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். மற்றவர்கள் ஸ்டேஷனிலிருந்து இரண்டு தடவை போன் வந்த பிறகு முனகிக்கொண்டே போவார்கள். மாமா தேதி அறிவித்த மறுநாள் காலையே இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிடுவார். போகும்போது ஒரு பை எடுத்துப்போவார். பட்டாளத்தை விட்டு வந்த வருஷம், மேல்விஷாரத்தில் தோல் வியாபாரம் செய்த ஒரு தோஸ்த் அவருக்காகத் தைத்துக் கொடுத்த கைப்பை அது. உரிமத்தைப் புதுப்பிக்கப் போனாலும் அதே பைதான்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை தோட்டாக்களை எண்ணும் நாள். கட்டையை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு குழியையும் விரலால் தொட்டு, வாய்விட்டு எண்ணுவார். சுண்டுவிரல் நுனி அளவுத் தோட்டாக்கள், மொத்தம் இருபத்தைந்து. ஆடவில்லை, அசையவில்லை, தானாகக் குட்டி போடப்போவதுமில்லை, எதற்கு மாதாமாதம் எண்ணுகிறார் என்று நானும் என் கணவரும் சமையலறையில் நின்று சிரிப்போம்.

ஒரு மாதம் எண்ணிக்கை இருபத்துநாலில் நின்றுவிட்டது. சில நாட்களுக்கு முன்புதான் உரிமத்தைப் புதுப்பிப்பதற்காக எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்திருந்தார். அன்று எங்கள் வீடு பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. அரிசி டிரம்மைக் கொட்டினோம். சோபாவைக் கிழிக்காத குறை. அந்தக் கைப்பையையும் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். ஒரு பழைய பஸ் டிக்கெட்தான் விழுந்தது. சாயந்திரம் வரை தேடிவிட்டு, மாமா சட்டையை மாட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கிளம்பினார். என் கணவர் வாசலை மறித்துக்கொண்டு, "ஒரே ஒரு தோட்டாப்பா. நாமளே போயி சொன்னா பேஜார்தான். யாரு வந்து எண்ணப்போறாங்க" என்றார். "நான் எண்றேன் இல்ல" என்று சொல்லிவிட்டு மாமா போய்விட்டார்.

மனுவை வாங்கிக்கொள்ளவே அங்கே தயங்கினார்களாம். எழுதிக் கொடுத்து, முத்திரை போட்ட ரசீது வாங்கி, மறுநாள் பஜாரில் அதை லேமினேட் செய்து கொண்டுவந்தார். அந்த லேமினேஷன் அட்டை எங்கள் வீட்டில் பல வருஷங்களுக்கு ஒரு தீராத வேடிக்கையாக இருந்தது. ரேஷன் கார்டு எங்கே என்று கேட்டால்கூட, "லேமினேட் பண்ணியாச்சா?" என்பார் என் கணவர். மாமா கோபப்படவே மாட்டார். ஆனால் இருபத்தைந்தாவது குழியை மட்டும் காலியாகவே வைத்திருந்தார். மீதியை நெருக்கிப் போட்டுச் சின்னப் பெட்டியில் வைக்கலாமே என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "காலியா இருந்தாத்தாம்மா கண்ல குத்தும்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் எண்ணி முடித்ததும் ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "இருபத்தி நாலு. ஒண்ணு வரணும்."

ஆறு வருஷம் இப்படியே போயிற்று. இதற்குள் அவர் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டார். "நீ தோல்காரி, ஒனக்குத்தான் இதோட அருமை தெரியும்" என்று அந்தக் கைப்பையை எனக்குக் கொடுத்துவிட்டார். அருமை தெரிந்ததுதான் வினையாயிற்று. கை பட்டுப் பட்டு, வெயில் பட்டுப் பட்டு அந்தத் தோலில் ஏறியிருந்த பழுப்பு நிறத்தை எந்தச் சாயத்தாலும் கொண்டுவர முடியாது. வெளிநாட்டு வியாபாரி ஒருவர் மாதக்கணக்கில் அப்படி ஒரு நிறத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். பையையே கொண்டுபோய்க் காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். உள் துணி மட்டும் மூலையில் நைந்திருந்தது. பழைய பைக்கு லைனிங் மாற்றும்போது எங்கள் சாம்பிள் ரூமில் ஒரு வழக்கம் உண்டு. பழைய துணியைப் பிரித்து எடுக்கமாட்டோம். பிரித்தால் தையல் துளைகள் கிழிந்து தோல் கெட்டுவிடும். அதன்மேலேயே பசை தடவிப் புதுத் துணியை ஒட்டித் தைத்துவிடுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். வேலை அவ்வளவு நன்றாக வந்தது என்று என்னையே நான் பாராட்டிக்கொண்டேன்.

சென்னை விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனையில் என் பை மட்டும் திரும்பவும் எந்திரத்துக்குள் போயிற்று. அப்புறம் மூன்றாவது முறையும் போயிற்று. திரைக்கு முன்னால் இருந்த பெண் இன்னொருவரைக் கூப்பிட்டாள், அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கேட்டால் சிரிப்பீர்கள், தோலின் அழகைத்தான் பார்க்கிறார்கள் என்று நான் நினைத்தேன். "கையால தச்சதுங்க" என்றுகூடச் சொன்னேன். அவர்கள் உள் துணியை வெட்ட வேண்டும் என்றார்கள். தையலைப் பக்குவமாகப் பிரிக்கலாம் என்று நான் ஒரு பிளேடு கேட்டேன். விமான நிலையத்தில் பிளேடு கேட்ட முதல் பயணி நானாகத்தான் இருப்பேன். அவர்களே கத்தரிக்கோலால் வெட்டினார்கள். என் புதுத் துணிக்கும் கீழே, பழைய துணிக்கும் கீழே, நைந்த மூலை வழியாக எப்போதோ நழுவி அடி அட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த தோட்டா தட்டில் விழுந்தது.

அது மாமாவின் இருபத்தைந்தாவது தோட்டா என்று பார்த்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னை விமான நிலையக் காவலரிடம் ஒப்படைத்தார்கள். அங்கிருந்த இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் கேட்டார்: பை யாருடையது, தோட்டா எப்படி வந்தது, உரிமம் இருக்கிறதா. வீட்டுக்குப் போன் செய்யச் சொன்னார். பதறிப்போன என் கணவர் குரலைத் தாழ்த்தி, "அப்பா பேர இழுக்காத. பழைய பை, எங்கயோ வாங்கினேன்னு சொல்லிடு" என்றார். மாமாவின் பெயரைச் சொன்னால் இத்தனை வருஷம் அவர் கட்டிக் காத்த உரிமமும் மரியாதையும் என் வாயால் போகும். சொல்லாவிட்டால் தோட்டா என் தலையில் விழும், பொய்யும் கூடவே விழும். அப்போது போன் கை மாறியது.

"எத்தினிம்மா இருந்துது?" மாமாவின் குரல்.

"ஒண்ணு மாமா."

அப்புறம், "ஒண்ணுதானே. என்னுதுன்னு சொல்லு. நான் வர்றேன். அங்கியே ஒக்காரு, எதையும் மாத்திச் சொல்லாத" என்றார். அந்தக் குரலில் பயமே இல்லை, அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதை நம்ப எனக்கு நேரம் பிடித்தது.

என் விமானம் போய்விட்டது. மதியத்துக்குள் மாமா காரில் வந்து சேர்ந்தார். அதே இஸ்திரிச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. உரிமப் புத்தகம், தோட்டா வாங்கிய பில், கடைசியாக அந்த லேமினேஷன் அட்டை என்று மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். இன்ஸ்பெக்டர் அட்டையை எடுத்து முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "ஒரு தோட்டா காணோம்னு நீங்களே போயி எழுதிக் குடுத்தீங்களா?"

"காணோம்னா சொல்லணும் இல்ல சார்" என்றார் மாமா. பிறகு தட்டில் இருந்த தோட்டாவைத் தொடாமல் குனிந்து பார்த்து, "ஆறு வருசமா ஒன்னத்தான் தேடிக்கினு இருக்கேன்" என்று அதனிடமே சொன்னார். இன்ஸ்பெக்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார், சிரிப்பை மறைக்கத்தான்.

அடுத்து நடந்தது இன்னும் வேடிக்கை. தவறு யாருடையது என்று எழுத வேண்டியிருந்தது. பையைச் சரியாகப் பார்க்காதது தன் கவனக்குறைவு என்றார் மாமா. பழைய துணியைப் பிரிக்காமல் மேலேயே தைத்தது என் தவறு என்றேன் நான். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. "ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருக்கீங்களா" என்று இன்ஸ்பெக்டர் கையெடுத்துக் கும்பிட்டு, இரண்டு பேருடைய வாக்குமூலத்தையும் வாங்கிக்கொண்டார். தோட்டாவை வைத்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்தார். விசாரணை முடியச் சில மாதங்கள் ஆயின. மாமா இரண்டு முறை கலெக்டர் அலுவலகம் ஏறி இறங்கினார், கடைசியில் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அந்த ரசீது மட்டும் இல்லாவிட்டால் கதை வேறாகியிருக்கும் என்று எங்கள் வக்கீல் சொன்னார். அன்றிலிருந்து என் கணவர் எந்தக் காகிதம் வந்தாலும் வாயைத் திறக்காமல் லேமினேட் செய்துகொண்டு வருகிறார்.

தோட்டா கிடைத்த மறுநாளே வேறு விமானத்தில் நான் கிழிந்த லைனிங்கோடு அந்தப் பையைக் கொண்டுபோனேன். நிறம் வியாபாரிக்குப் பிடித்துவிட்டது. எங்கள் தொழிற்சாலை நிற அட்டையில் இன்றும் அதன் பெயர் சுபேதார் பிரவுன்.

அடுத்த தேர்தலுக்கு மாமா வழக்கம்போல முதல் ஆளாகப் போய் ரிவால்வரை ஒப்படைத்தார். தேர்தல் முடிந்து எல்லோரும் திரும்ப வாங்கி வந்தார்கள், அவர் போகவில்லை. மீதித் தோட்டாக்களையும் உரிமத்தையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டதாகச் சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார். என்னால்தானே மாமா என்றேன். "ஒன்னால இல்லம்மா. ஆறு வருசம் ஒண்ணு எங்க கீதுன்னு தெரியாம இருந்தவன் நான். அது ஒரு கொழந்த கையில சிக்கியிருந்தா? வேலையும் விட்டாச்சு, அதுக்கு இன்னும் இன்னா அவசியம்? சாவி இல்லாம கழுத்து எவ்ளோ லேசா இருக்குது பாரு" என்றார்.

லேசான கழுத்தோடு அவர் சும்மா இருக்கவில்லை. வீட்டிலும் தொழிற்சாலையிலும் யார் வெளிநாடு கிளம்பினாலும் முந்தின நாள் பெட்டி அவரிடம் வரவேண்டும் என்று ஆகிவிட்டது. கட்டில்மேல் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து எல்லாவற்றையும் கொட்டுவார். காலிப் பையின் அடியை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பார்ப்பார். தோல்காரர்கள் பெட்டியில் என்னென்னவோ கிடைக்கும்: தோல் வெட்டும் கத்தி, பசை டப்பா, ஒரு தடவை ஒரு முழுச் சுத்தியல். வேலைக் கருவி நம் கண்ணுக்கு ஆயுதமாகவே தெரியாது, அதுதான் சிக்கல். கட்டையை எனக்குக் கொடுத்தார். குழிகளைக் கொஞ்சம் அகலப்படுத்தி தோல் தைக்கும் என் குத்தூசிகளையும் துளை போடும் பஞ்ச் கருவிகளையும் அதில் நிறுத்தினேன். எண்ணிப் பார்த்தேன், சரியாக இருபத்தைந்து.

மாமா போய் மூன்று வருஷமாகிறது. நாளை நான் ஒரு கண்காட்சிக்குக் கிளம்புகிறேன். இன்று காலை பெட்டியைக் கட்டி மூடிவிட்டு, வண்டிக்குச் சொல்ல போனை எடுத்தபோது மாதிரிகளைத் திருத்த நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த கட்டையின்மேல் கண் போனது. கடைசி வரிசையில் ஒரு குழி காலி. போனை வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். படுக்கைமேல் மாமாவின் வேட்டியை விரித்து எல்லாவற்றையும் கொட்டினேன். அப்புறம் கைப்பையின் அடியை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தேன், அங்கே ஒன்றுமில்லை. மாதிரித் தோல்களைச் சுற்றிய காகிதத்துக்குள் நீளமான குத்தூசி ஒன்று படுத்திருந்தது. வாசலில் இருந்து என் கணவர், "இன்னா தேடிக்கினு இருக்க?" என்றார்.

"ஒண்ணு வரணும்னு இருந்தேன்" என்றேன். "வந்துடுச்சு." குத்தூசியை இருபத்தைந்தாவது குழியில் வைத்தேன்.