நிறுத்தி நிறுத்திப் பேசிய நாகம்

ஓசூரில் நண்பர்கள் சேர்ந்து எங்கள் மாயாஜாலக் காமிக்ஸ் தொடரை ஒலிநாடகமாக்கினோம். காமிக்ஸ் படத்தில் வில்லனான நெருப்பு நாகம் வாயைத் திறந்தாலே பயமாக இருக்கும். ஒலியில் அதற்குக் குரல் வேண்டுமே. கிடைத்தவர், தொழிற்பேட்டையில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டுபவர். ஒல்லி உடம்பு, கசங்காத யூனிபார்ம், சட்டைப்பையில் சீப்பு. குரல் மட்டும் மேடு ஏறும் லாரி.

ஒரே தொல்லை, பாதி வசனத்தில் நின்றுவிடுவார். "உன் தலையை நான்..." என்பார். அமைதி. பிறகுதான் "கடித்துத் தின்பேன்" வரும்.

"ஏண்ணா நடுவுல நிறுத்துறீங்க?"

"மெஷின் அடிக்கறப்ப பேசினா யாருக்கு சார் கேக்கும்? ரெண்டு அடிக்கு நடுவுலதான் பேசணும். பதினெட்டு வருசப் பழக்கம்."

"வீட்லயும் இப்படித்தானா?"

"ஆமாங்க. நான் நிறுத்தற எடத்துல எங்க வீட்டம்மா பேசிருவாங்க. சண்டையே வர்றதில்ல."

இடைவெளிகளை எடிட்டிங்கில் வெட்டிவிட நினைத்தோம். ஆனால் கேட்டவர்கள் அந்த அமைதியில்தான் நடுங்கினார்கள். அப்படியே விட்டோம்.

கடைசிப் பகுதியில் நாகம் சாக வேண்டும். ஒரு பக்க வசனம். அதற்கு ஒரு நாளையே ஒதுக்கியிருந்தேன். அவர் எங்கும் நிற்காமல், தணிந்த குரலில் ஒரே மூச்சாகப் பேசி முடித்துவிட்டு, சீப்பை எடுத்துத் தலை வாரினார்.

"இதுல மட்டும் எப்படிண்ணா நிறுத்தல?"

"நாகத்துக்குதான் ஷிப்ட் முடிஞ்சிருச்சே சார். மெஷின ஆஃப் பண்ணிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை நன்றி சொல்ல போன் செய்தேன். வீட்டில்தான் இருந்தார். "சொல்லுங்க சார், நான் இப்ப..." என்று நிறுத்தினார். அவருக்குள் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. அது இறங்கி ஏறட்டும் என்று நானும் காத்திருந்தேன்.