குடுவையில் விழுந்த சீனி

ஈஸ்ட்டை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன் என்று சொன்னால் கொடைக்கானலில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த பேக்கரியில?" எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். மலைமேல் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக மாரடித்துக்கொண்டிருந்தேன் நான்.

செல், ஜீனைப் பார்த்து ஆர்.என்.ஏ. என்றொரு நகல் எடுக்கும். சில நகல்களின் நடுவில் வேண்டாத துண்டு ஒன்று இருக்கும். அதை வெட்டிவிட்டு இரு பக்கத்தையும் ஒட்டினால்தான் நகல் உருப்படும். நகலெடுப்பைத் தொடங்கிவைப்பது ஜீனுக்கு முன்னால் இருக்கும் புரமோட்டர். அதோடு அதன் சோலி முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் ஒரே ஜீனுக்கு முன்னால் வேறு வேறு புரமோட்டர்களை வைத்துப் பார்த்தேன். வேகமான புரமோட்டரை வைத்தபோது வெட்டப்படாத நகல்கள் ஏராளமாக மிஞ்சின. துள்ளிக் குதித்துக்கொண்டு போய் என் வழிகாட்டி மேடத்திடம் காட்டினேன்.

"புரமோட்டர மாத்துனா நகல் ஆரம்பிக்கிற எடம், அதோட தலைப்பக்கமும் மாறிருதே. மிஞ்சுனது வேகத்தாலயா, தலையாலயா? பதில் இல்லன்னா அந்தச் சாப்டர எடுத்துரும்மா" என்றார்.

அந்த அத்தியாயம்தான் என் ஆய்வேடே. அதை எடுத்துவிட்டால் மிச்சம் முன்னுரையும் நன்றியுரையும்தான்.

அந்த வாரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. ஏரிச் சாலையில் மரம் விழுந்து மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் ஃபிரிட்ஜுகளுக்கே போதவில்லை. என் ஈஸ்ட்டுக்கோ நல்ல கதகதப்பு வேண்டும். எங்கள் ஊர்க் குளிரில் இட்லி மாவே புளிக்காது. அதனால் கடைத்தெருவில் பலரும் மாவுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பேக்கரி பாயிடம் போவார்கள். விறகு அடுப்புக்குப் பக்கத்தில், ரொட்டி மாவு பொங்க வைக்கும் அறையில் ஓரமாக இடம் தருவார். நானும் வெட்கத்தை விட்டு என் குடுவைகளை அந்த மாவுச் சட்டிகளுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தேன்.

காலையில் வெள்ளனே போனால், பாய் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"ஒங்க ஈஸ்ட்டு சோந்து போயிக் கெடந்துச்சு தங்கச்சி. நாந்தான் விடியக்கால ஆளுக்கு ஒரு கரண்டி சீனி போட்டேன். வெரசா பொங்கும் பாருங்க!"

"யாரக் கேட்டுப் போட்டீங்க பாய்?" என்று நான் போட்ட சத்தத்தில் தேங்காய் பன் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பசியோட இருந்தா பாவம்லங்க" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

என்னுடைய வேகமான புரமோட்டர், பால் சர்க்கரையின் ஒரு பகுதியான கேலக்டோஸ் கிடைத்தால்தான் வேலை செய்யும். சாதாரணச் சீனி பட்டால் சுருண்டு படுத்துவிடும். எல்லாம் நாசம். ஆனாலும் கொட்ட மனம் வரவில்லை. மின்சாரம் வந்ததும், வீம்புக்கு அதையும் சோதித்துப் பார்த்தேன். வெட்டாத நகல்கள் காணாமல் போயிருந்தன. புரமோட்டர் மாறவில்லை, நகலின் தலையும் மாறவில்லை, குறைந்தது வேகம் மட்டும்தான்!

மேடம் அதற்கும் அசரவில்லை. "சுத்தமா அணைச்சிட்டா, இருக்கிறது வெட்டி முடிச்ச பழைய நகல்தான? அப்புறம் பேக்கரியில எதெது உள்ள விழுந்துச்சோ." சொன்னது சரிதான். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வழி கிடைத்துவிட்டது. புரமோட்டரை மாற்றவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அடுப்பைச் சிம்மில் வைப்பதுபோல் குறைத்தால் போதும்.

புதுக் குடுவைகளில், கேலக்டோஸை ஒன்றுக்கொன்று கூட்டிக் குறைத்து ஊற்றி வளர்த்தேன். இந்த முறை ஆய்வகத்தை விட்டு ஒன்றும் வெளியே போகவில்லை. நகல்களைப் பிரித்துப் படம் எடுத்தேன். புரமோட்டர் நிதானமாக ஓடிய இடத்தில் கிட்டத்தட்ட எல்லா நகலும் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. வேகம் கூடக்கூட, வெட்டாதவற்றின் பங்கும் கூடிக்கொண்டே போயிற்று.

மேடம் படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் போய் வெகுநேரம் பார்த்தார். அடுத்த கேள்விக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கேள்வி வரவில்லை.

"இனி யாரு கேட்டாலும் இதக் காட்டு" என்றார்.

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. இவர் முன்னால் அழவே கூடாது என்று இத்தனை காலம் வைத்திருந்த வைராக்கியமெல்லாம் போயிற்று. மேடம் படத்தை நனையாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

"போம்மா, மூஞ்சியக் கழுவிட்டு வந்து சாப்டர எழுது."