ஷூ அலமாரியில் இரண்டு ராணிகள்

மழை விட்ட ஒரு மாலையில், ஊர்ந்துகொண்டிருந்த காரின் ஜன்னல் வழியே இறக்கை முளைத்த பெரிய எறும்புகள் இரண்டு வந்து விழுந்தன. ஓட்டப் பழகிக்கொண்டிருந்த தையற்காரர் பதறிப்போய்க் காரை நிறுத்திவிட்டார். பக்கத்தில் இருந்த பயிற்சியாளரம்மாவுக்கோ வாயெல்லாம் பல். “ராணி எறும்புங்க அண்ணே. ஒண்ணும் பண்ணாது, நீங்க ரோட்டைப் பாருங்க” என்றவள், இரண்டையும் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் பிடித்துப் போட்டுக்கொண்டாள்.

எறும்பு வளர்ப்பதில் அவளுக்கு அப்படியொரு பித்து. கணவர் பேக்கரியில் ரொட்டி சுடுபவர். எறும்பையும் பூஞ்சையையும் விரட்டியே பாதி ஆயுள் போயிற்று என்பார். ராணிகளைக் கண்ணாடிக் குழாயில் விட்டு அவள் ஷூ அலமாரியில் வைத்தபோதும் முணுமுணுத்தார். ஆனாலும் வெளிச்சம் படாமல் குழாய்க்குத் துணி சுற்றித் தந்தவர் அவர்தான்.

இரண்டும் ஒற்றுமையாக முட்டையிட்டன. பிறகு ஒன்று தள்ளாடத் தொடங்கி, ஒரு காலையில் செத்துக் கிடந்தது. அதன் மூட்டுகளில் வெள்ளை வெள்ளையாய் நூல். கணவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

“பூஞ்சை. ரொட்டியில இப்படி வந்தா தட்டோட கொட்டிடுவோம். இதையும் கொட்டிடு.”

“இன்னொண்ணு உயிரோட இருக்கே!”

வேலை முடிந்து வந்து, உயிரோடிருப்பதை வேறு குழாய்க்கு மாற்றலாம் என்று கிளம்பிப் போனாள். திரும்பி வந்து பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிஞ்சிய ராணி, தோழியின் உடலை மூட்டு மூட்டாகக் கடித்துப் பிரித்து, முட்டைகளுக்கு எட்டாத கோடியில் கொண்டுபோய்க் குவித்திருந்தது. இப்போது தன் கால்களை ஒவ்வொன்றாக நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.

கணவர் அவள் கையிலிருந்த பூதக்கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தார். “எங்க பேக்கரியில கூட இவ்வளவு சுத்தம் கிடையாது” என்றார். அதன் பிறகு, கொட்டச் சொன்ன பேச்சையே அவர் எடுக்கவில்லை.

மெல்லிய தூரிகையால் ராணியையும் முட்டைகளையும் புதுக் குழாய்க்கு மாற்றினாள். அதற்கும் தொற்றியிருக்குமோ என்று காலையும் மாலையும் பூதக்கண்ணாடியோடு போய்ப் பார்த்தாள். தையற்காரரும் வண்டியில் ஏறியதும் ராணியின் நலத்தைத்தான் விசாரிப்பார். அந்தப் பேச்சு மும்முரத்தில், இத்தனை நாள் நடுங்கிய ரிவர்ஸைக்கூடத் தன்னையறியாமல் எடுத்துவிட்டார்.

ஒருநாள் பாடத்தின் நடுவே கணவர் போன் செய்தார். தையற்காரருக்கும் கேட்கும் அளவுக்குக் குரலில் குதூகலம். “பொறந்தாச்சு! குட்டிக் குட்டியா நடக்குதுங்க!”

தையற்காரர் காரை அழகாக ஓரம் கட்டினார். “பேரனா, பேத்தியா?”

“வேலைக்கார எறும்புங்க எல்லாம் பொண்ணுங்கதான் அண்ணே” என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. அடுத்த கியருக்கு மாற்றச் சொல்லவே அவளுக்கு மறந்துபோயிற்று. அன்று மிச்ச தூரம் முழுக்க அவர் இரண்டாவது கியரிலேயே ஓட்டினார்.